அவையும் நகையும்

துவாஸ் கப்பல் தளத்துக்கு வேலை தேடிவரும் வெல்டிங் தொழிலாளியிடம் எடுத்த எடுப்பில் கப்பலை ஒப்படைப்பதில்லை. விளிம்பைச் சாய்வாகச் சீவிய இரண்டு எஃகுத் தகடுகளைக் கொடுக்கின்றனர். இடையில் சிறு வெளி விட்டு நிறுத்திய அத்தகடுகளை அவன் பற்றவைத்து ஒன்றாக்க வேண்டும். தொழிலறிந்த தேர்வாளர் அருகில் நிற்பார். ஆறியபின் அதனைப் பட்டைகளாக அறுத்து வளைத்துப் பார்ப்பர். அல்லது எக்ஸ்ரே படம் எடுப்பர். வளைந்த இடத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பிளவு திறந்தால் அவன் தேறவில்லை. தேர்வாளரின் பார்வை உறுத்துவதும் கை சற்றே நடுங்குவதும் இயல்புதான். ஆயினும் இத்தேர்வில் ஒரு நேர்மை உண்டு. தேர்வாளர் களைத்திருந்தாலும், சினந்திருந்தாலும், அவனைப் பிடிக்காதவராயிருந்தாலும், இணைப்பின் உள்ளே இருப்பது இருப்பதுதான். பார்ப்பவரால் அது மாறுவதில்லை.

நகைச்சுவை அத்தகைய பொருளன்று. ஒரு நகைமொழி பொருந்தியதா, பிளந்ததா என்பதற்குச் சான்று அம்மொழியின் உள்ளே கிடையாது; கேட்பவர் மூச்சில் இருக்கிறது. எனவே கேட்பவர் யார் என்னும் வினா பற்றவைப்புக்கு இல்லாத முதன்மையை நகைச்சுவையில் பெற்றுவிடுகிறது. தொழிலறிந்தோர் நிறைந்த அவையில் ஒருவன் ஒலிவாங்கியுடன் தனியே நின்று சிரிக்கவைக்க வேண்டும் என்று கொள்வோம். இன்று 'ஸ்டாண்ட்-அப்' என வழங்கும் கலை இதுவே. அவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? தீர்ப்புச் சொல்ல அமர்ந்திருப்போருக்கா, தன் கலைக்கா, அன்றி அந்நகை எவருடைய வாழ்விலிருந்து எடுக்கப்பட்டதோ அவர்களுக்கா?

சிங்கப்பூர் இத்தகைய அவைகளை அறியாததன்று. 2012இல் இந்தித் திரையுலகின் ஐஃபா விருது விழா இங்கே நடைபெற்றது. 2016இல் தென்னிந்தியத் திரையுலகின் சைமா விருது விழா சன்டெக் மாநாட்டு மண்டபத்தில் நடைபெற்றது. உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கு வசந்தம் ஒளிவழியின் 'பிரதான விழா' இருக்கிறது. எந்த நாட்டில் நடந்தாலும் விருது விழாவின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர் ஆகியோர் முன்வரிசையில் அமர்வர். பொதுமக்கள் பின்னால் இருப்பர், அல்லது வீட்டில் திரையின்முன் இருப்பர். மேடையில் நிற்பவனுக்கு அடுத்த வேலையைத் தரவோ தடுக்கவோ வல்லவர்கள், அவன் கண்ணுக்கு நேரே இருக்கிறார்கள்.

அவர்கள் எளிதில் சிரிப்பதில்லை. செருக்கினால் என்று சொல்லிவிடுவது எளிது, முழு உண்மையாகாது. சமையல் தொழிலில் இருப்பவர் விருந்துக்குப் போனால், பசியை மறந்து உப்பையும் பதத்தையும் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். அதுபோலவே இவர்களும் முடிச்சு எங்கே விழுகிறது, எங்கே அவிழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு விடுகின்றனர். எதிர்பார்ப்பு திடீரெனக் கவிழும்போதுதான் சிரிப்பு பிறக்கிறது. கவிழும் இடம் முன்பே தெரிந்தவருக்கு எங்கிருந்து பிறக்கும்? போதாக்குறைக்கு நெஞ்சுக்குள் விருது பற்றிய பதைப்பு வேறு. ஒளிப்பதிவுக் கருவியும் முகத்தை விட்டு நீங்குவதில்லை. யாரைக் கேலி செய்தபோது யார் சிரித்தார் என்பது மறுநாள் செய்தியாகிவிடும் என்பதை அவர்கள் நன்கறிவர். அதனால் அளந்து சிரிக்கின்றனர். மேடையில் நிற்பவன் அந்த அளவையே தன் விலையென்று எடுத்துக்கொள்கிறான்.

பரதரின் நாட்டிய சாத்திரம் சிரிப்பை ஆறாகப் பகுக்கிறது. மென்முறுவலும் பல் சற்றே தெரியும் சிரிப்பும் உயர்ந்தோருக்கு உரியவை. ஒலியோடு கூடியவை இடைப்பட்டோருக்கு. கண்ணீர் வழிய, உடல் குலுங்கச் சிரிப்பவை தாழ்ந்தோருக்கு. நாடக மாந்தருக்காக வகுத்த இப்பாகுபாடு அவையில் அமர்ந்திருப்போரின் ஒழுக்கமாகவும் படிந்துவிட்டது போலும்! வாய்விட்டுச் சிரித்தால் தகுதி குறைந்துவிடும் என்னும் அச்சம் கற்றோரிடம் இன்றும் உண்டு. அந்நூலே ஆட்டத்தை மதிப்பிடப் பதின்மரைக் குறிக்கிறது. வேள்வி அறிந்தவர், ஆடற்கலைஞர், யாப்பறிந்தவர், இலக்கணம் வல்லவர், அரசர், வில்லாளி, ஓவியர், கணிகை, இசைவாணர், அரச ஏவலர் என்போர் அவர்கள். ஒவ்வொருவரும் தத்தம் துறையையே பார்ப்பர். வில்லாளி வில் பிடிக்கும் நிலையைப் பார்ப்பார். இப்பதின்மருள் விதூடகன் இல்லை. பரதர் மறந்துவிட்டார் என்று கொள்வதா, நகைக்குத் தனித் தேர்வாளர் வேண்டுவதில்லை என்று கருதினார் எனக் கொள்வதா என்பதை மாணவர் தம்முள் வாதிட்டுப் பார்க்கலாம். பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நல்ல பார்வையாளருக்குக் கல்வியும் நடுநிலையும் வேண்டும் என்ற அவர், அத்துடன் நில்லாமல், மகிழ்வுக்கு மகிழ்பவராகவும் துயருக்குத் துயருறுபவராகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

தமிழில் இவ்வழுத்தத்தின் முழு உருவைக் காண விரும்புவோர் காளமேகப் புலவரின் கதைக்குச் செல்ல வேண்டும். 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அவர் சிலேடைக்கும் வசைக்கும் பெயர்பெற்றவர். திருமலைராயன் அவையில் அதிமதுரகவியும் தண்டிகைப் புலவர் அறுபத்து நால்வரும் வீற்றிருந்தனர். புதிதாக உள்ளே வந்தவருக்கு எவரும் இடம் விடவில்லை என்பது வழிவழியாக வரும் கதை. பிறகு எமகண்டம் பாடச் சொன்னார்கள். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேல் தொங்கும் உறியில் அமர்ந்து, உடலைச் சுற்றிக் கத்திகள் தொங்க, கேட்டவர் கேட்ட சொற்களையெல்லாம் வைத்து நொடியில் பாட வேண்டும். தடுமாறினால் உயிர் போகும்.

இது நடந்ததுதானா என்று ஆராய்வது வேறு வேலை. இப்படியொரு கதையைத் தமிழர் போற்றிக் காத்தனர் என்பதே இங்குக் கருதத் தக்கது. கேட்டவர்களைக் கூர்ந்து நோக்குக. அவர்களுள் ஒருவரும் பாட்டின் சுவையை வேண்டிக் கேட்கவில்லை. ஒட்டாத சொற்களைத் தேடி எடுத்து, இவன் எங்கே சிக்குவான் என்று பார்க்கவே கேட்டனர். ஒரே சொல்லில் இரு பொருள் எதிர்பாராமல் சந்தித்துக்கொள்ளும் வியப்புதான் சிலேடை. சத்திரத்துத் திண்ணையில் அதைச் சொன்னால் சிரிப்பு எழும். கொப்பரைக்கு மேலே சொன்னால் அது உயிர்காக்கும் கயிறு மட்டுமே. காளமேகம் வென்றார். ஆயினும் அந்த அவையில் யாரேனும் சிரித்தார்கள் என்று கதை சொல்லவில்லை. அரசன் உரிய சிறப்புச் செய்யாமையால் அவ்வூரில் மண்மாரி பெய்யுமாறு அவர் வசைபாடினார் என்றுதான் கதை முடிகிறது. பல தலைமுறை மாணவர்கள் இம்முடிவைப் புலவரின் சொல்லாற்றலுக்குச் சான்றாகப் படித்துவிட்டனர். அந்நாவுக்கு அந்த அவை செய்த கேடும் இம்முடிவில் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் படிப்பதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறினார். தொழிலறிந்தோர் அவையில் இந்நான்கனுள் எள்ளலே நிலைக்கிறது. மழலையையும் வெகுளித்தனத்தையும் கேட்டுச் சிரிக்க, கேட்பவர் தம் உயரத்தைச் சற்றே மறந்தாக வேண்டும். எள்ளலுக்கு அது வேண்டுவதில்லை. ஆங்கில நகைச்சுவையாளர் ரிக்கி ஜெர்வைஸ் 2010 முதல் 2020 வரையில் ஐந்து முறை கோல்டன் குளோப் விழாவை நடத்தினார்; எதிரே அமர்ந்திருந்த நட்சத்திரங்களை எள்ளுவதே அவருடைய முதலாக இருந்தது. தொல்காப்பியத்துக்கு உரை வகுத்த பேராசிரியர் எள்ளலை இரண்டாக விரித்தார். ஒருவன் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று. பிறர் தன்னை இகழும்போது தானும் சேர்ந்து சிரிப்பது மற்றொன்று. இரண்டாவது வகை அரிதினும் அரிது. 2022 மார்ச் 27ஆம் நாள் ஆஸ்கார் மேடையில் கிறிஸ் ராக், நடிகர் வில் ஸ்மித்தின் மனைவியுடைய மழித்த தலையைப் பற்றிக் கேலி பேசினார். நோயினால் முடியிழந்தவரைப் பற்றிய அக்கேலி உயர்ந்ததன்று. ஸ்மித் முதலில் சிரித்தவர்போலத் திரையில் தெரிந்தார். அடுத்த சில நொடிகளில் மேடையேறி அறைந்தார். முதலில் வந்தது அவைக்காக வந்த சிரிப்பு என்பதில் ஐயமில்லை.

அழுத்தம் என்பதை உள்ளத்தின் நடுக்கமாக மட்டும் கொண்டால் பாதியே கண்டவராவோம். அதன் மறுபாதி கூலியில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1972இல் தொடங்கிய 'காமெடி ஸ்டோர்' அரங்கில் இளங்கலைஞர்கள் ஊதியமின்றி நடித்தனர். தொலைக்காட்சிக்கு ஆள் தேடுவோர் அங்கு வருவர். அவர்கள் கண்ணில் பட்டால் வாழ்வு மலரும். ஆகவே அது கலைஞருக்குக் கல்லூரி போன்றது, கல்லூரியில் மாணவனுக்குக் கூலி உண்டா என்பது அரங்கை நடத்திய மிட்சி ஷோரின் வாதம். நுழைவுக் கட்டணம் செலுத்தி வந்தோரும் அந்த அரங்கில் இருந்தனர் என்பதை இவ்வாதம் மறந்துவிட்டது. 1979இல் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆறு வாரங்கள் சென்றபின் ஒரு நிகழ்ச்சிக்கு 25 டாலர் என உடன்பாடு ஏற்பட்டது. ஆனால் நிறுத்தத்தில் பங்குகொண்டதால் தமக்கு மேடை மறுக்கப்படுகிறது என்று நொந்த ஸ்டீவ் லுபெட்கின் என்னும் கலைஞர் அவ்வாண்டு ஜூன் முதல் நாளில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பார்க்கத் தக்கவர் பார்க்கிறார் என்பதே கூலியாகும்போது, அவர் பார்வையை விலக்கிக்கொள்வது ஒருவனைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகிறது. 'மேடை கொடுக்கிறோமே, போதாதா' என்னும் பேச்சு தமிழ் விழாக் குழுக்களிலும் கேட்காததன்று.

அவைமுன் ஒருவனுடைய நகை விழாமற்போவது குற்றமாகாது. 2024 ஜனவரியில் கோல்டன் குளோப் விழாவை நடத்திய ஜோ கோய் பெரும் அரங்குகளை மக்களால் நிரப்பியவர். முன்வரிசை சிரிக்காதபோது, பத்து நாள்களுக்கு முன்புதான் இவ்வேலை கிடைத்தது என்று மேடையிலேயே முறையிட்டார். தாம் எழுதியவற்றுக்குத்தான் சிரிக்கிறீர்கள் என்றும் சொன்னார். அப்படியாயின் சிரிப்பு எழாத பகுதிகளை எழுதியவர்கள் யார்? பெயர் தெரியாத உடன் எழுத்தாளர்கள். அழுத்தம் மிகும்போது மனிதன் தன்னைவிட மெலிந்தவர்மேல் சுமையை இறக்குகிறான். அவர் அந்நொடியில் செய்தது அதுவே. கப்பல் தளத்தில் பிளந்த இணைப்புக்குத் தன் உதவியாளைக் கைகாட்டும் தொழிலாளியை உடன் வேலை செய்வோர் எப்படி மதிப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவும் கூறியபின், தொழிலறிந்தோர் வேண்டாம், மக்கள் சிரித்தால் போதும் என்று முடிவுகட்டுவது பேதைமை. மக்கள் சிரித்தார்கள் என்னும் போர்வையில் கறுத்த நிறத்தையும், பருத்த உடலையும், திக்கும் நாவையும், மனைவியையும் இழிவுசெய்து தமிழ்த் திரை பல்லாண்டுகள் பிழைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் அறிந்தவர் ஒருவர் சிரிக்காமல் இருப்பதே கலைக்குச் செய்யும் தொண்டு. அவர்கள் எங்கே அமர வேண்டும் என்பதே வினா. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்கு ஒரு வழி காட்டுகிறது. பன்னிரண்டு வயது மாதவி சோழன்முன் ஆடித் தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் பெற்றாள் என்பது யாவரும் அறிந்தது. ஆடலாசான், இசையாசிரியன், நூல்வல்ல புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகளை அக்காதை முன்னதாகவே நிரல்பட விரித்துரைப்பதை மாணவர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். அந்தக் கலையை நுணுகி அறிந்த அத்தனை பேரும் அவளுக்கு எதிரே அமர்ந்தவர்களல்லர். அவளைப் பயிற்றியும் அவளோடு இசைத்தும் அவள் பக்கமே நின்றவர்கள். நகைச்சுவைக் கலைஞனுக்கும் கண்டிப்பான நண்பர்கள் ஒத்திகையில் வேண்டும். அங்கே அவர்கள் சிரிக்க வேண்டுவதில்லை.

இனித் துவாஸுக்கு மீள்வோம். மரக்கிளைகளையும் தென்னோலைகளையும் நீரில் இட்டு, அந்நிழலில் ஒதுங்கும் மீனை வலைகொண்டு தூக்கும் மலாய் மீனவர் முறையிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். மீனவர் சிற்றூராக இருந்த அப்பகுதி இன்று ஆலைகளும் கப்பல் தளங்களும் துறைமுகமும் நிறைந்த தீவின் மேற்கு முனை. 2017இல் அங்கு ரயில் சென்று சேர்ந்தது. ஆயினும் தேக்காவுக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். துவாஸ் வியூ விடுதியில் மட்டும் ஏறத்தாழ 16,800 பேர் தங்க இடமுண்டு. இவ்வட்டாரத்து விடுதிகளில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மிகப் பலர். வேலைக்கு லாரியின் பின்புறத்தில் அமர்ந்து செல்வோர் இன்றும் உளர். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது நகரத்தார் வெளியே வரத் தொடங்கிய பின்னும் நெடுநாள் அறைகளிலேயே அடைபட்டிருந்தவர்கள் விடுதித் தொழிலாளர்கள்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ இத்தகைய விடுதியில் மேடை போட்டால், அங்கே பேசவருபவன் நெஞ்சில் ஓர் எளிமை புகுந்துவிடுகிறது: இவர்கள்முன் எதைச் சொன்னாலும் போதும் என்பது அது. வள்ளுவரைக்கூட அவன் துணைக்கு அழைக்கலாம். அறிவொளி உடையோர்முன் ஒளியோடு விளங்குக, மற்றவர்முன் சுண்ணச் சாந்துபோல் வெளுத்திருந்துவிடுக என்னும் கருத்து அவையறிதல் அதிகாரத்தில் உண்டு. ஆனால் அவ்வதிகாரம் அமைச்சியலைச் சேர்ந்தது; சொல்வன்மையால் காரியம் முடிக்க வேண்டியவர்க்குக் கூறியது. நகைச்சுவைக் கலைஞன் அதைத் தொழிலாளர் அவைக்குப் பொருத்தினால், அவர்களை அறியாதார் என்று தீர்ப்பளித்தவனாகிறான். அவர்களும் உள்ளிருப்போரே. திரைத்தொழிலின் உள்ளே இல்லை. வாழ்வின் உள்ளே இருக்கிறார்கள். பெர்மிட் புதுப்பிக்கும் கவலையையோ, ஊருக்குப் பணம் அனுப்பியபின் கையில் நிற்கும் வெள்ளியையோ பற்றி ஒருவன் தவறாகச் சொன்னால், சன்டெக் மண்டபத்து இயக்குநர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். துவாஸ் உடனே கண்டுகொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கப்பல் தளங்களில் காலையில் வேலை தொடங்குமுன் 'டூல்பாக்ஸ் மீட்டிங்' நடக்கும். பாதுகாப்பைப் பற்றி மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் பேசுகிறார். அருகில் நிற்கும் தமிழர் அதனை 'பாத்து வேலை செய்ங்கப்பா' என்று மொழிபெயர்த்து முடித்துவிடுகிறார். துவாஸ் மேடையில் இதைச் சொன்னால் சிரிப்பு வெடிக்கும். சிரிப்பவர் தம்மையும், தம்முள் ஒருவரான அம்மொழிபெயர்ப்பாளரையும், மூன்று சொல்லில் முடிவதைப் பத்து நிமிடம் இழுத்தவரையும் சேர்த்தே சிரிக்கின்றனர். பேராசிரியர் கூறிய அரிய வகை அங்கே எளிதாக நிகழ்ந்துவிடுகிறது.

அதே நகையை அக்கலைஞன் விருது விழாவுக்கு எடுத்துச் செல்வதாக வைத்துக்கொள்வோம். முன்வரிசை அசையவில்லை. டூல்பாக்ஸ் மீட்டிங் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. விளக்கினால் நகை செத்துவிடும். அப்போது அவனுக்கு ஒரு குறுக்குவழி திறக்கிறது. மொழிபெயர்ப்பவரின் குரலைச் சற்று நாட்டுப்புறமாக்கலாம், வாயைக் கோணலாக்கலாம், ஆங்கிலம் புரியாமல் விழிக்கும் தொழிலாளியின் முகத்தை ஒரு நொடி காட்டலாம். சொல் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இழுத்துப் பேசிய மேற்பார்வையாளர் கதையிலிருந்து மறைந்துவிட்டார். எஞ்சியிருப்பது தொழிலாளியின் மடன் ஒன்றே. இம்முறை முன்வரிசை சிரிக்கும்; கைதட்டவும் கூடும். தொழில்நுட்பம் அறிந்தவர்கள் 'நல்ல உடல்மொழி' என்று பாராட்டுவர். அதுவும் பொய்யான பாராட்டாயிராது. இடம் மாறி நிற்பதை அவர்கள் எவரும் கட்டாயப்படுத்தவில்லை. சிரிப்பின்றி நீண்ட அந்த ஐந்து நொடி அமைதிதான் கேட்டது, அவன் கொடுத்துவிட்டான். வேண்டுமானால் அவ்வமைதியைத் தாங்கிக்கொண்டு, நகையை இருந்தபடியே விட்டு, அடுத்த பேச்சுக்குப் போயிருக்கலாம். அதற்கு ஆகும் விலை சிறிதன்று: அடுத்த ஆண்டு அழைப்பு வாராதிருக்கலாம், பேசப்பட்ட ஒரு தொடர் கைநழுவலாம். வீட்டு வாடகை கட்டவேண்டிய ஒருவனிடம் இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது.

விருது விழாவின் ஒளிப்பதிவு அவ்வரங்கோடு நின்றுவிடுவதில்லை. ஓரிரு நாள்களில் அது துண்டு துண்டாகக் கைப்பேசிகளுக்கு வந்து சேர்கிறது. இரவு வேலை முடித்துக் குளித்துவிட்டு, துவாஸ் விடுதியின் அடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுத்திருக்கும் ஒருவன் அதைத் திறக்கிறான். பொங்கலன்று தன் விடுதி மேடையில் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்த அதே நகை. முதல் வரியைக் கேட்டதும் அடையாளம் கண்டு, கீழ்த்தட்டில் படுத்திருக்கும் நண்பனையும் எழுப்புகிறான், 'அண்ணே, இங்க பாருங்க, நம்ம கதை' என்று.